மேசைக்கு அடியில் படுத்துப் பாருங்கள்!

ஒரு மேசை நல்ல மேசையா என்று தெரிய வேண்டுமா? மேல்பலகையைத் தடவிப் பார்த்தெல்லாம் கண்டுபிடிக்க முடியாது. கீழே போங்கள். உடுப்பு அழுக்கானாலும் பரவாயில்லை, தரையில் மல்லாக்கப் படுத்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். எந்தக் கால் எந்த மூலைக்கு என்று ஆசாரி பென்சிலால் போட்ட குறி அங்கே இருக்கும். உளி கொத்திய தடம் இருக்கும். பலகையைச் சட்டத்தோடு சேர்த்த சூட்சுமம் மொத்தமும் அங்கேதான் ஒளிந்திருக்கும். சாகுபுரத்தை ஒட்டிய ஒரு தகரக் கொட்டகையில் எங்கள் அத்தைக்காக ஒரு சமையலறை மேசை உருவானதை, உத்திரமாகக் கிடந்த நாளில் தொடங்கி எண்ணெய் குடித்து மினுமினுத்த நாள் வரைக்கும் பக்கத்திலேயே இருந்து பார்த்தேன். அந்தச் சந்தோஷம் இன்னும் அடங்கவில்லை. கொட்டகைக் கதவைத் திறந்துவிடுகிறேன், நீங்களும் வாங்க!

ஊரைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். இந்த மேசையின் பாதி வடிவத்தைத் தீர்மானித்ததே ஊர்தான். தூத்துக்குடி மாவட்டத்தில், ஆறுமுகநேரிக்கும் காயல்பட்டினத்துக்கும் பக்கத்தில் இருக்கிறது சாகுபுரம். 1950-களின் கடைசியில் டி.சி.டபிள்யூ. ரசாயன ஆலை இங்கே வந்தது. அதை நடத்திய சாகு ஜெயின் குடும்பத்தின் பெயரே ஊருக்கும் நிலைத்தது. உப்பிலிருந்து காஸ்டிக் சோடா, அப்புறம் பி.வி.சி., இரும்பு ஆக்சைடு நிறமி என்று மதிலுக்கு உள்ளே என்னென்னவோ தயாராகிறது. மதிலுக்கு வெளியே உப்பளம். இன்னும் கொஞ்சம் கிழக்கே போனால் மன்னார் வளைகுடா. கதவுக் கீலோ சைக்கிள் செயினோ, இரும்பு என்றால் சீக்கிரமே துரு பூத்துவிடும் காற்று இது.

அந்தக் காற்றும் வருஷத்துக்கு இரண்டு வேஷம் போடும். ஆனி, ஆடியில் மேற்கு மலைக்கு அந்தப் பக்கமே மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு, காய்ந்துபோய், புழுதியை வாரிக்கொண்டு மேல்காற்று வரும். ஐப்பசி, கார்த்திகையில் கடல் ஈரத்தைச் சுமந்துகொண்டு கொண்டல் வரும். ஒன்று மரத்தை உலர்த்தும், மற்றொன்று ஊறவைக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் வருஷாவருஷம் மாட்டிக்கொள்கிற ஒரு பலகையை வெடிக்காமல் நிறுத்துவது எப்படி? இந்தக் கட்டுரையின் மொத்தக் கதையும் அதுதான்.

அத்தைக்கு மேசை ஆசை வந்ததற்குக் காரணம் 2023 டிசம்பர். 17-ம் தேதி பிடித்த மழை, மறுநாள் காலைக்குள் காயல்பட்டினத்தில் மட்டும் 95 சென்டிமீட்டர்! இந்த மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதைவிட அதிகமான மழை ஒரே நாளில் இறங்கியது. சமையலறைக்குள் தண்ணீர் புகுந்து நின்றது. வடிந்த பிறகு பார்த்தால், மரத்தூளைப் பசையோடு சேர்த்து அழுத்திச் செய்த பலகை அலமாரிகள் உப்பிப் பிளந்து, கை வைத்த இடமெல்லாம் உதிர்ந்தன. அந்த மாதிரிப் பலகைகளில் பெரும்பாலும் யூரியா பார்மால்டிஹைடு பசைதான் இருக்கும். தண்ணீரில் ஊறினால் அதன் பிடி விட்டுப்போகும். அதே தண்ணீரில் மிதந்த ஆச்சி காலத்துத் துருவுமணையோ, நிழலில் கிடந்து காய்ந்து, பழையபடி தேங்காய் துருவ வந்துவிட்டது. அத்தை அந்த மணையைக் கையில் தூக்கிக் காட்டிச் சொன்னார்: "இனி என் சமையக்கட்டுக்குள்ள மரம்னா மரந்தான் வரணும்."

அவருக்கு முழங்கால் வலி. தரையில் சம்மணம் போட்டு அருவாமணையில் காய் நறுக்கிப் பழகிய உடம்பு, இப்போது எழுந்து நிற்கக் கேட்கிறது. ஆக, நின்று வேலை பார்க்க ஒரு மேசை. சாப்பிடுவதற்கில்லை, சமைப்பதற்கு! மாவு பிசைய, கீரை ஆய, இடியாப்பம் பிழிய. இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று கொட்டகைக்குப் போனபிறகுதான் விளங்கியது.

கொட்டகைக்குள் நுழைந்ததும் மூக்குக்குத்தான் முதல் விருந்து. இழைத்த தேக்கு ஒரு மாதிரி தோல் வாசனை அடிக்கும். அதோடு பூவரசின் லேசான இனிப்பு, ஒரு மூலையில் தின்னர் நெடி. சுவரோரம் ஆணி அடித்து, அகலத்துக்குத் தக்க வரிசையாக உளிகள். ஓர் உளியின் பிடி தேய்ந்து தேய்ந்து உள்ளங்கைக் குழிக்கு அச்சாகவே ஆகிவிட்டிருந்தது. இழைப்புளிகளில் ஒன்று முழங்கை நீளம், ஒன்று உள்ளங்கைக்குள் அடங்கும். புளியங்கட்டையில் செய்த கொட்டாப்புளி. மின்சார இழைப்புளியும் உண்டு, அது வேலை மேசைக்குக் கீழே துணி போர்த்திக் கிடந்தது. முரட்டு வேலைக்கு மட்டும் ஆசாரியார் அதை எடுப்பாராம்.

ஆசாரியார் அறுபதைத் தாண்டியவர். அவருடைய அப்பா தூத்துக்குடியில் தோணி கட்டிய ஓடாவி. இதைக் கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை! தூத்துக்குடித் தோணிகள் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப்போன மரக்கலங்கள். நம் காலத்திலும் பாய் விரித்து ஓடியவை. காகிதத்தில் வரைபடம் கிடையாது, கண்ணும் கயிறும் போதும், கரையிலேயே கட்டி எழுப்புவார்கள். வளைந்த விலாக் கட்டைக்கு வளைந்தே வளர்ந்த கிளையைத் தேடிப் போவார்கள். அந்தக் கை வழி வந்தவர் ஒரு சமையலறை மேசைக்குக் குறி போடுகிறார் என்றால் பக்கத்தில் போய் நிற்காமல் எப்படி?

மரம் எது என்பதில் ஒரு நீண்ட பேச்சு நடந்தது. தூத்துக்குடித் துறைமுகத்தில் வெளிநாட்டுத் தேக்குத் தடிகள் வந்து இறங்குகின்றன. மியன்மர் 2014 ஏப்ரலில் தடி ஏற்றுமதியை நிறுத்தியதிலிருந்து, ஆப்பிரிக்காவிலும் லத்தீன் அமெரிக்காவிலும் தோட்டப்பயிராக வளர்த்த தேக்குக்குத்தான் சந்தையில் பெரிய இடம். இளமரம் என்பதால் அதில் வைரத்தைச் சுற்றி வெள்ளை அதிகம். அது பூச்சிக்கும் பிடிக்கும், ஈரத்துக்கும் பிடிக்கும். ஆசாரியார் அதை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பழைய மரக்கடையில் கிடந்த ஓர் உத்திரத்தின் மேல் அவருக்கு ஒரு கண் இருந்தது. இடித்த வீட்டிலிருந்து வந்தது. புகை படிந்து கரிய நிறத்தில் இருந்த அதன் ஒரு முனையை உளியால் ஒரு செதில் எடுத்துக் காட்டினார். உள்ளே தேன் நிறம்!

"தம்பி, இது அம்பது அறுபது வருசம் மேகாத்தும் மழையும் பாத்தாச்சு. இனிமே நெளியாது. ஆனா ஒண்ணு, மூச்சு விடும். அதை மட்டும் நாம தடுக்கக் கூடாது, கேட்டியளா?"

அந்த 'மூச்சு'தான் மேசை முழுக்க என்னைத் துரத்தியது.

பழைய உத்திரத்தை ரம்பத்துக்குக் கொடுக்கும் முன் ஆணி வேட்டை. உடைந்த ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து எடுத்த வட்டக் காந்தத்தை நூலில் கட்டி, மரத்தின் மேல் மெதுவாகத் தொங்கவிட்டு நகர்த்தினார். ஓரிடத்தில் காந்தம் தலையைச் சாய்த்தது. அங்கே சுண்ணாம்புக்கும் கரிக்கும் அடியில் தலை போன ஓர் ஆணி! சுற்றிலும் நீலக்கருப்பாக ஒரு கறை. மரத்தின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் இந்தக் கருப்பு விழும். பழைய காலத்தில் கடுக்காயும் இரும்பும் சேர்த்து மை காய்ச்சியதும் இதே வித்தைதான். ஆணி ஒவ்வொன்றாக வந்து டப்பாவில் விழ விழ, புதையல் எடுக்கிற மாதிரி நான் குதித்துக்கொண்டிருந்தேன். ஒன்றை விட்டுவிட்டாலும் ரம்பத்தின் பல் போய்விடும் என்பதால் அவர் குதிக்கவில்லை.

மேல்பலகைக்குத் தேக்கு. கால்களுக்கும் சட்டங்களுக்கும் பூவரசு. கடலோரத்தில், உப்பு மண்ணில், நம் வேலியோரங்களில் வளர்கிற அதே பூவரசு! பீப்பி ஊதிய இலையின் மரத்துக்குள் இப்படியொரு செங்கபில வைரம் இருக்கும் என்று யார் நினைப்பார்கள்? நார் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் எளிதில் பிளக்காது. அடி வாங்குகிற இடத்துக்கு அதுதான் தோது என்றார்.

அப்புறம் டீச்சரான அத்தைக்கு அளவு எடுக்கிற காட்சி. இதை நான் தையல்கடையில்தான் பார்த்திருக்கிறேன். மேசைக்கு ஆளை அளப்பார்கள் என்று யார் கண்டது!

"டீச்சரம்மா, சமைக்கும்போது செருப்பு போட்டுக்கிடுவீங்களா?"

"சமையக்கட்டுல யாராவது செருப்பு போடுவாங்களா, ஆசாரியாரே?"

"அப்ப கழத்திட்டு நில்லுங்க. கைய மடக்குங்க. தோளைத் தூக்காதீங்க, சும்மா விடுங்க."

தரையிலிருந்து முழங்கை வரை அளந்தார். 37 இன்ச். அதில் ஆறு விரக்கடை, அதாவது நாலரை இன்ச், கழித்தார். 32½. பிசையும்போது மேல் உடம்பின் பாரம் கைக்கு இறங்க வேண்டும். மேசை உயரமாக இருந்தால் தோள் வலிக்கும், தாழ்ந்தால் இடுப்பு போகும். கடையில் விற்கிற சாப்பாட்டு மேசை பொதுவாக 30 இன்ச் இருக்கும். உட்கார்ந்து சாப்பிடுகிறவருக்கு அது சரி. நின்று வேலை பார்க்கிற நம் பெண்கள் அதன் மேல் குனிந்து குனிந்து முதுகைக் கெடுத்துக்கொள்வதை எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறோம்! அளவு கேட்காமல் விற்கிற எந்தச் சமையல் மேசையும் அரைமேசைதான் என்பது என் கட்சி.

அளவு முடிந்ததும் கேள்விகள் வந்தன. தேங்காய் துருவ மேசை விளிம்பில் திருகி மாட்டுகிற மாடல் வைத்திருக்கிறீர்களா? அதை எடுத்து வரச்சொல்லி, அதன் வாய் எவ்வளவு திறக்கிறது என்று பார்த்தார். பலகை கனம் அதற்குள் அடங்க வேண்டும். அந்தப் பக்கம் பலகை சட்டத்தைத் தாண்டி நாலு இன்ச் வெளியே நீள வேண்டும், இல்லாவிட்டால் திருகு கட்டையில் இடிக்கும். இடியாப்ப உரல் பித்தளையா, அலுமினியமா? அழுத்தும்போது இரண்டு கையையும் ஊன்றுவீர்களா? அப்படியானால் கால்களுக்கு இடையே கீழே ஒரு சுற்று குறுக்குச் சட்டம் வேண்டும். அது தரையிலிருந்து ஆறு இன்ச் உயரத்தில் இருந்தால் விளக்குமாறு புகுந்து வரும், நிற்கிறவர் ஒரு காலைத் தூக்கி வைத்து இளைப்பாறவும் ஆகும். நாலரை அடி நீளம், இரண்டரை அடி அகலம் என்று முடிவானது. அத்தை தன் சமையல் முழுவதையும் சொல்லி முடித்தபோது மேசை கிட்டத்தட்ட வரைந்தாகிவிட்டது, ஒரு துண்டு பிளைவுட்டின் மேல், பென்சிலில்.

இப்போது இழைப்பு! உத்திரத்தை அறுத்துவந்த பலகைகளை மேல்பலகையாக ஒட்ட வேண்டும். முதலில் வெள்ளை எல்லாம் சீவி எறிந்தாயிற்று. பிறகு பலகைகளை நிற்க வைத்து, அடுத்தடுத்து வரப்போகிற இரண்டை ஜோடியாகச் சேர்த்துப் பிடித்து, இரண்டு விளிம்பையும் ஒரே இழைப்பில் ஓட்டினார். ஏன் என்று கேட்டேன். இழைப்புளி கொஞ்சம் சாய்ந்தால்கூட ஒன்றில் விழுகிற சாய்வுக்கு மற்றதில் எதிர்ச்சாய்வு விழும். புத்தகத்தைத் திறக்கிறபடி விரித்துச் சேர்த்தால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். எவ்வளவு எளிமை, எவ்வளவு புத்தி! நீள இழைப்புளி விளிம்பின் முழு நீளத்துக்கும் ஒரே மூச்சில் போக, சுருள் அறுபடாமல் மேலே வழிந்து காலடியில் விழுந்தது. வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் தெரிகிற மெல்லிசு.

இரண்டு விளிம்பையும் ஒன்றன்மேல் ஒன்று நிறுத்தி, பின்னால் ஜன்னல் வெளிச்சம் வர, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். வெளிச்சம் வரவில்லை, நடுவில் மட்டும் ஒரு மயிரிழை. அதை வேண்டுமென்றே விட்டிருந்தார். கிளாம்ப் போட்டு இறுக்கும்போது அந்த மயிரிழை மூடிக்கொள்ளும், இரண்டு முனையும் எப்போதும் அழுத்தத்திலேயே இருக்கும். முனைகளில்தான் மரம் சீக்கிரம் ஈரம் இழந்து வாய் பிளக்கப் பார்க்கும் என்பதால் இந்த முன்னெச்சரிக்கை.

தேக்குக்கு உடம்பில் எண்ணெய் உண்டு. கரையானை விரட்டுகிற அதே எண்ணெய் பசையையும் விரட்டும். அதனால் ஒட்டும் விளிம்புகளைத் தின்னர் தோய்த்த துணியால் துடைத்து, அது பறந்ததும் கையோடு பெவிகால் மரைன் தடவினார். இவருடைய அப்பா காலத்தில் வச்சிரம். தோல், எலும்பைக் காய்ச்சி எடுத்த பசை, சூடு பண்ணிப் பண்ணித் தடவ வேண்டும், ஈரம் பட்டால் விட்டுவிடும். 1959-ல் பெவிகால் வந்தபிறகு கொட்டகைகளில் வச்சிரச் சட்டி அடுப்பைவிட்டு இறங்கியது.

பசை இறுகட்டும், நாம் கால்களுக்குப் போவோம். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான்!

காலில் துளை, சட்டத்தின் முனையில் கழுந்து. துளையை உளியால் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் கொத்திக்கொண்டே போனார். பூவரசு சில்லுகள் தெறித்தன. கழுந்தைத் துளைக்குள் கைப்பலத்திலேயே தள்ளினார். சுத்தியல் கேட்டால் இறுக்கம் அதிகம், தானாக விழுந்தால் தளர்ச்சி. கைக்கு முனகிக்கொண்டே போக வேண்டும். போனது. பிறகு அதை வெளியே எடுத்துவிட்டார். எதற்கு? இனிமேல்தான் கொண்டாட்டம்.

காலின் வழியாக ஓர் ஆணித் துளை. கழுந்தை உள்ளே வைத்து, அந்தத் துளையின் குறி கழுந்தில் எங்கே விழுகிறதென்று ஒரு புள்ளி. இப்போது கழுந்தில் துளை போடுவது அந்தப் புள்ளியில் இல்லை! சட்டம் காலில் முட்டுகிற தோளின் பக்கமாக அரை நூல் தள்ளி. ஓர் இன்ச்சுக்கு எட்டு நூல் கணக்கில், அரை நூல் என்றால் ஒன்றரை மில்லிமீட்டர் சொச்சம். அப்புறம் முற்றிய மூங்கிலைச் சீவி, முனை கூர்ந்த ஆணியாக்கி, மறுபடி சேர்த்த இணைப்பில் வைத்துக் கொட்டாப்புளியால் அடித்தார். துளைகள் நேராக இல்லாததால் ஆணி வளைந்து நெளிந்து உள்ளே போகப் போக, கழுந்தைக் காலுக்குள் இழுக்கிறது. கண் முன்னால் சட்டத்தின் தோள் வந்து காலோடு அப்பிக்கொண்டது. முதலில் 'டொக், டொக்' என்றிருந்த சத்தம், ஆணி முழுக்க ஏறியதும் 'ணங்' என்று மாறியது. "ஆச்சு," என்றார். காதால் முடிவு செய்கிறார்! இதில் பசையும் இல்லை, திருகாணியும் இல்லை. உப்புக் காற்று தின்பதற்கு ஒரு குண்டூசி இரும்பு கிடையாது.

துருக்கிக் கடலோரம் உளுபுருனில் மூழ்கிக் கிடந்த சுமார் 3,300 வருஷம் பழைய கப்பல் ஒன்றைக் கடலடி ஆய்வாளர்கள் எடுத்தார்கள். அதன் பலகைகளைச் சேர்த்திருந்ததும் கழுந்தும் மர ஆணியும்தான். கடலுக்குள் கிடந்தும் அந்த இணைப்புகளை அடையாளம் காண முடிந்தது. இதை ஆசாரியாரிடம் சொன்னேன். "அவாளும் ஓடாவிதானே," என்று சொல்லிவிட்டு அடுத்த ஆணியை எடுத்தார்.

சரி, இப்போது கீழே படுங்கள். மேல்பலகையைச் சட்டத்தின் மேல் உட்கார வைக்கப் போகிறார்.

மரம் நீளவாக்கில் அநேகமாக நீளாது, சுருங்காது. அகலவாக்கில்தான் எல்லா ஆட்டமும். 30 இன்ச் அகலத் தேக்குப் பலகையில் ஈரப்பதம் நாலு சதவீதம் ஏறி இறங்கினால், மரத்தை அறுத்த விதத்தைப் பொறுத்து, அகலம் மூன்றிலிருந்து ஆறு மில்லிமீட்டர் வரை மாறும். ஒரு நூலிலிருந்து இரண்டு நூல்! ஆடியில் சுருங்கி, கார்த்திகையில் விரிந்து, மறுபடி சுருங்கி. இதைப் பசை போட்டோ திருகாணியால் அழுத்தியோ சட்டத்தோடு பூட்டிவிட்டால், மரம் போக வழியில்லாமல் ஒரு ராத்திரி 'டமார்' என்று நடுவில் பிளந்துகொள்ளும். எத்தனையோ நல்ல மேசைகள் இப்படிச் செத்திருக்கின்றன.

ஆசாரியார் என்ன செய்தார் தெரியுமா? சட்டங்களின் உள்பக்கம் நீளமாக ஒரு காடி எடுத்தார். தீப்பெட்டி அளவில் பூவரசுத் துண்டுகளை வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன நாக்கு விட்டார். நாக்கு காடிக்குள் நுழையும். துண்டின் உடம்பு மேல்பலகையோடு திருகாணியால் சேரும். காடிக்குள் நாக்கு இறுகாது, நழுவும். பலகை விரிந்தால் துண்டுகளும் கூடவே நகரும், சுருங்கினால் கூடவே திரும்பும், ஆனால் மேலே மட்டும் எழும்பாது. நடுவில் ஒரே ஓர் இடத்தில் பலகையை நிலையாகப் பிடித்திருக்கிறார், விரிவு இரண்டு பக்கமும் சமமாகப் போவதற்கு. மேலே இருந்து பார்க்கிறவர்களுக்கு இதில் எதுவுமே தெரியாது! ஒரு வருஷத்தின் இரண்டு காற்றுக்கும் வழி விட்டு வைத்த அந்தச் சின்னத் துண்டுகளைப் பார்த்தபோது எனக்குக் கைதட்டத் தோன்றியது. தட்டினேன்.

அந்தத் திருகாணிகள் பித்தளை. பித்தளை மெத்து, பூவரசு கெட்டி. நேராக முறுக்கினால் தலை அறுந்துவிடும். அதனால் அதே அளவு இரும்புத் திருகாணியை முதலில் முறுக்கி, மரத்தில் புரி வெட்டவிட்டு, வெளியே எடுத்துவிட்டு, பித்தளையின் மேல் மெழுகுவர்த்தியைத் தேய்த்து, அந்தப் புரியிலேயே இறக்கினார். இரும்பு வேலையை முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டது!

மேசை நிமிர்ந்து நின்றது. இனி மேக்கப் அறை.

80-ம் நம்பர் உப்புத்தாளில் தொடங்கி 120, 180, 220 என்று ஏறினார். எப்போதும் நார் போகிற திசையிலேயே. குறுக்கே தேய்த்த கீறல் எண்ணெய் பட்டதும் பல்லைக் காட்டும். நடுவில் ஒருமுறை ஈரத்துணியால் பலகை முழுக்கத் துடைத்துக் காயவிட்டார். மழமழவென்று இருந்த பலகை சொரசொரத்தது. படுத்திருந்த நார்முனைகள் தண்ணீர் குடித்து எழுந்துகொண்டன. அவற்றை மறுபடி தேய்த்து எடுத்தாயிற்று. நாளைக்கு அத்தை துடைக்கும்போது எழ இனி ஆளில்லை. அத்தை வீட்டு ஈரத்துணிக்கு ஆசாரியார் முன்கூட்டியே ஒத்திகை பார்த்துவிட்டார்!

பூச்சு எது என்பதில் சின்னச் சண்டை நடந்தது. ஆசாரியாருக்கு டச்வுட் வார்னிஷ் அடித்துக் கண்ணாடி மாதிரி பளபளக்க வைக்க ஆசை. வாடிக்கையாளர்கள் அதைத்தான் கேட்கிறார்களாம். அரக்கில் செய்த பிரெஞ்ச் பாலிஷ் வேண்டாம் என்பதில் இருவரும் ஒன்று. சுடுபாத்திரம் வைத்தால் வெள்ளை வட்டம் விழுந்துவிடும். அத்தை எண்ணெய்தான் என்று நின்றார். நானும் அத்தை பக்கம். படலமாகப் பூசுகிற வார்னிஷ் கத்தி பட்டால் உரியும், உரிந்த இடத்தை மட்டும் சரி பண்ண முடியாது, முழுக்கச் சுரண்ட வேண்டும். எண்ணெய் மரத்துக்குள் போய்விடுகிறது. கறை பட்டால் அந்த இடத்தை மட்டும் தேய்த்துத் திரும்ப எண்ணெய் விட்டால் தீர்ந்தது.

எந்த எண்ணெய்? தேங்காயெண்ணெய் எத்தனை நாள் ஆனாலும் காயாது, சிக்கடிக்கும். நல்லெண்ணெய் அரைகுறையாகக் காய்ந்து பிசுபிசுக்கும். ஆளிவிதை எண்ணெய் மட்டும் காற்றிலிருக்கும் ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னி, மரத்துக்குள்ளேயே கெட்டியாகிவிடும். பெயின்ட் கடையில் 'டபுள் பாயில்டு' என்று விற்பதில் சீக்கிரம் காய்வதற்காக உலோக உப்புகள் கலந்திருக்கும். மாவு பிசைகிற பலகைக்கு அது வேண்டாமென்று, செக்கில் ஆட்டிய பச்சை எண்ணெயாகத் தேடி வாங்கினோம். காயத் தாமதமாகும், ஆகட்டும். முதல் கை எண்ணெய் பட்டதும்... ஐயோ, அந்த நொடி! வெளிறிக் கிடந்த பலகையில் வரிகள் எல்லாம் ஒரே நேரத்தில் விழித்துக்கொண்டன. தேன், கருப்பட்டி, ஓரிடத்தில் பழைய ஆணிக் கறையின் நீலக்கருப்பு. அந்தக் கறையைச் சீவி எடுத்துவிடவா என்று ஆசாரியார் கேட்டிருந்தார், அத்தை விடவில்லை.

தடவி, ஊறவிட்டு, மிச்சத்தைத் துடைத்து, காயவிட்டு, மறுபடி. துடைத்த துணியை அவர் சுருட்டிப் போடவே இல்லை. ஒவ்வொன்றையும் விரித்துக் கொடியில் போட்டார். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு விடும்; சுருட்டி மூலையில் எறிந்தால் சூடு உள்ளேயே சேர்ந்து துணி தானாகவே பற்றிக்கொள்ளும். இழைப்புச் சுருள் நிறைந்த கொட்டகையில் இதைவிட ஆபத்து வேறு எதுவும் இல்லை. யாராவது வீட்டில் செய்து பார்த்தால் இதை மறக்கவே கூடாது. கடைசிக் கையில் எண்ணெயோடு தேன்மெழுகை உருக்கிச் சேர்த்தார்.

கால்களின் அடிமுனை வழியாகத்தான் மரம் தண்ணீரை அதிகம் உறிஞ்சும், நம் வீடுகளிலோ தினம் தரை கழுவுகிறோம். ஆகவே நாலு எவர்சில்வர் கிண்ணத்தில் எண்ணெய் ஊற்றி, ராத்திரி முழுக்க மேசையை அவற்றில் நிற்க வைத்தார். காலையில் கிண்ணங்கள் பாதி காலி. கால்கள் குடித்துவிட்டன!

மேசை வீட்டுக்கு வந்ததும் முதல் பரீட்சை இடியாப்பம். அத்தை உரலை வைத்து, உடம்பின் பாரம் முழுவதையும் இறக்கி அழுத்தினார். மேசை அசையவில்லை. தோளைத் தூக்காமல் பிழிகிறார் என்பதை ஆசாரியார் கவனித்து எனக்குக் கண்ணைக் காட்டினார். தேங்காய்த் திருகு நாலு இன்ச் நீட்டலில் கச்சிதமாக உட்கார்ந்தது. "மீனை மட்டும் இதுல நேரா வச்சு அரியாதீங்க டீச்சரம்மா, தனிக் கட்டை வச்சுக்கிடுங்க. ஆடி பிறக்கதுக்கு முன்னால ஒரு கை எண்ணெய். வேற ஒண்ணும் வேண்டாம்."

மிச்சம் விழுந்த துண்டுகளுக்கு அதற்குள் போட்டி. தேக்கில் ஒரு நீளத் துண்டு பூரிக்கட்டைக்கு என்று அத்தை எடுத்து வைத்தாயிற்று. பூவரசில் ஒரு மத்து கடைந்து தருவதாகப் பேச்சு. மரத்தூளை மூட்டை கட்டித் தூள் அடுப்புக்கு ஒருவர் கொண்டுபோய்விட்டார். நான் அந்த ஆணி டப்பாவைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். பக்கத்து வீட்டு மதினி மேசையைச் சுற்றிச் சுற்றி வந்து, விலை கேட்டு, யோசித்து, கடைசியில் செருப்பை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டுக் கையை மடக்கிக்கொண்டு வந்து நின்றார். ஆசாரியார் டேப்பை எடுத்தார்.